படலையடி நாயின் பழைய வம்சம்

மட்டக்களப்பு வாவியின் இரு கரையிலும் சாதி நாய்க்குட்டி வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

கைபேசியில் குட்டியின் படத்தைக் காட்டி, “நல்ல சாதிதானே டொக்டர்?” என்று என்னிடம் கேட்பவர்கள் நீங்கள்தான். கால்நடை வைத்தியத்தில் வாழ்நாளைக் கழித்தவன் என்பதால் ஓய்வுபெற்ற பிறகும் இந்தக் கேள்வி என்னைத் தேடி வருகிறது. ஆளுக்கு ஆள் பதில் சொல்வதை விட, எல்லோருக்கும் சேர்த்து எழுதிவிடுவதே நல்லது என்று பட்டது.

நீங்கள் காட்டும் படங்களில் பக் இருக்கிறது, ஷீட்ஸு இருக்கிறது. சிலர் ரொட்வெய்லர் தேடுகிறீர்கள், சிலர் லயன் ஷெப்பேர்ட், ஒரு சிலர் ஹஸ்கி. இவற்றில் பக்கும் ஷீட்ஸுவும் சீனத்து அரண்மனை வழி வந்தவை. மடியில் வைத்துக் கொஞ்சுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. இவற்றோடு பெக்கினீஸ் என்று இன்னொரு மடி நாயும் அங்கே உண்டு. 1860 இல் பிரித்தானியப் படையும் பிரெஞ்சுப் படையும் பீக்கிங் கோடை அரண்மனையைச் சூறையாடியபோது, அகப்பட்ட பெக்கினீஸ் நாய்களைக் கப்பலேற்றிக் கொண்டுபோனார்கள். ஒன்று விக்டோரியா மகாராணிக்குப் பரிசாகப் போனது. கொள்ளைப் பொருள் என்ற அர்த்தத்தில் அதற்கு லூட்டி என்று பெயரும் வைத்தார்கள். இப்படியெல்லாம் ஐரோப்பாவுக்குப் போய், கண்காட்சி மேடை ஏறி, விலையோடு ஆசியாவுக்குத் திரும்பி வந்த வம்சங்களுக்குத்தான் இன்று முற்பணம் கட்டுகிறீர்கள்.

நீங்கள் முற்பணம் கட்டும் அதே கிழமை சந்தைக்குப் பின்னாலோ, பாலத்தடியிலோ, கோயில் வீதியிலோ வாய் கட்டிய யூரியாப் பை ஒன்று கிடக்கும். உள்ளே கண் திறந்தும் திறவாத நாலைந்து குட்டிகள், எல்லாம் பெட்டை. கடுவன் குட்டிகளை யாராவது முன்னமே எடுத்துக்கொண்டிருப்பார்கள். பையைக் கட்டியது நீங்கள் இல்லை, வீட்டுப் பெரியவர்கள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த வீடுகள் இனி உங்கள் கைக்கு வரப்போகிறவை.

பிள்ளைகளே, அந்தப் பைக்குள் கிடப்பதற்கும் சீனத்தோடு ஒரு தொடர்பு இருக்கக்கூடும். அரண்மனை மடி நாயின் வரலாற்றை விட அது பன்மடங்கு பழையது. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

நாய் ஓநாயிலிருந்து வந்தது என்பதில் இன்று யாருக்கும் சந்தேகம் இல்லை. எந்த நாட்டில், எந்தக் காலத்தில் என்பதில்தான் வாதம். 2002 இல் சுவீடனைச் சேர்ந்த பீட்டர் சவோலைனனும் சீன ஆய்வாளர்களும் உலகெங்கிலும் இருந்து 654 நாய்களின் தாய்வழி மரபணுவை ஒப்பிட்டார்கள். வேறுபாடுகள் மிக அதிகமாய்க் காணப்பட்டது கிழக்கு ஆசிய நாய்களில். ஒரு உயிரினம் எங்கே நெடுங்காலம் வாழ்ந்ததோ அங்கேதான் வேறுபாடுகள் அதிகம் சேர்ந்திருக்கும் என்பது கணக்கு. 2016 இல் குன்மிங் நகர விலங்கியல் ஆய்வு நிறுவனத்தாரும் சவோலைனனும் சேர்ந்து 58 நாய்கள், ஓநாய்களின் முழு மரபணுத் தொகுதிகளைப் படித்தார்கள். தெற்குச் சீனம் உள்ளிட்ட கிழக்கு ஆசியாவின் தென்பகுதியில், ஏறத்தாழ 33,000 ஆண்டுகளுக்கு முன் நாயின் கிளை ஓநாயிலிருந்து பிரிந்தது என்றும், அங்கிருந்து ஒரு கூட்டம் 15,000 ஆண்டுகளுக்கு முன்னளவில் மேற்கு ஆசியா, ஆபிரிக்கா, ஐரோப்பா நோக்கிப் புறப்பட்டது என்றும் எழுதினார்கள்.

இதை ஏற்காதவர்களும் உண்டு. 2015 இல் 38 நாடுகளின் 549 ஊர் நாய்களைச் சோதித்த ஒரு குழு, நேபாளம், மொங்கோலியா அடங்கிய நடு ஆசியாவைக் காட்டியது. 2022 இல் 72 பழங்கால ஓநாய்களின் எலும்பிலிருந்து மரபணு எடுத்துப் பார்த்தவர்கள், நாய்கள் பொதுவாக யூரேசியாவின் கிழக்குப் பக்கத்துப் பழைய ஓநாய்களுக்கே நெருக்கம் என்றும், மேற்கு ஆசிய, ஆபிரிக்க நாய்களில் மேற்கத்திய ஓநாய்களின் கலப்பும் உண்டு என்றும் கண்டார்கள். வாதம் முடியவில்லை. முடிவு எந்தப் பக்கம் விழுந்தாலும் எனக்குக் கவலை இல்லை. நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது வேறொன்று. இந்த ஆய்வாளர்கள் விடை தேடி எங்கே போனார்கள் என்று பாருங்கள். யூனானின் மலைக் கிராமங்களுக்கும், நேபாளத்தின் தெருக்களுக்கும், நைஜீரியாவின் ஊர்களுக்கும் போனார்கள். கண்காட்சி நாய்களிடம் அந்த விடையில் சிறு பங்குதான் கிடைத்தது.

காரணம் எளிது. இன்று பெயரும் சான்றிதழும் கொண்டு விற்கப்படும் பெரும்பாலான சாதிகள் கடந்த 200 ஆண்டுகளுக்குள் ஆக்கப்பட்டவை. இங்கிலாந்தின் கென்னல் கிளப் தொடங்கியதே 1873 இல்தான். விரும்பிய தோற்றத்துக்காக ஒரு சில நாய்களை எடுத்து, தமக்குள்ளேயே கூட்டிக் கூட்டிப் பெருக்கினார்கள். அதனால் ஒவ்வொரு சாதிக்குள்ளும் இரத்தம் ஒடுங்கிப்போனது. ஊர் நாயை அப்படி யாரும் ஒடுக்கவில்லை. பசியும் வெயிலும் நோயும், அது படுத்திருக்கும் வீட்டு மனிதரின் பொறுமையும்தான் அதைத் தேர்ந்தெடுத்தன.

சீனத்திலும் அரண்மனைக்கு வெளியே இதே கதைதான். அங்கே வயல் நாய் என்று சொல்லப்படும் ஊர் நாய் மஞ்சளாகவோ கறுப்பாகவோ இருக்கும். செவி நிமிர்ந்திருக்கும், வால் முதுகின் மேல் சுருளும், வீட்டுக்காரர் தின்று மிஞ்சியதைத் தின்னும். நெல் விளையும் தென்சீனக் கிராமத்தில் அதைப் பார்த்தால் நம் ஊர் நாய்தான் என்று நினைப்பீர்கள். நகரம் வளர்ந்தபோது அதன் கதியும் நம் நாயின் கதிதான். பல சீன நகரங்கள் வளர்க்கக்கூடாத நாய்களின் பட்டியலில் அதைச் சேர்த்தன. நீலநாக்குச் சௌசௌவும் தோல் மடிந்து தொங்கும் ஷார்பேயும் பணக்கார நாடுகளில் பரிசு வாங்கிக்கொண்டிருக்க, அவற்றோடு ஒரே மண்ணில் பிறந்த வயல் நாய் துரத்தப்பட்டது. இப்போது அங்கே இளையவர்கள் பலர் அதைப் பெருமையோடு வளர்க்கத் தொடங்கியிருக்கிறார்கள்.

சீனத்து நாய்களில் என்னை மிகவும் வியக்க வைத்தது திபெத் மஸ்டிப். காற்று மெலிந்த மலைநாட்டில் மூச்சு முட்டாமல் வாழ உதவும் மரபணு மாற்றம் அதற்கு உண்டு. அது அங்குள்ள ஓநாய்களோடு ஏற்பட்ட கலப்பால் கிடைத்தது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. நாய் எந்த மண்ணில் நெடுங்காலம் இருந்ததோ அந்த மண் அதன் உடம்பில் இறங்கியிருக்கும்.

நம் மண்ணும் நம் நாயில் இறங்கித்தான் இருக்கிறது. உங்கள் வளவில் படுத்திருப்பதை ஒருமுறை வைத்தியர் கண்ணால் பாருங்கள். எடை பெரும்பாலும் பதினைந்து முதல் இருபது கிலோவுக்குள். மயிர் கட்டை, உடம்போடு ஒட்டிப் படுத்தது. மார்பு ஆழம், வயிறு ஒடுக்கம், கால் உடம்புக்குச் சற்று நீளம். செவி நிமிர்ந்திருக்கும், அல்லது நுனி மட்டும் மடிந்திருக்கும். நிறம் செம்மண், கபிலம், கறுப்பு. சிலதில் புலிவரி ஓடும். முகம் நீண்டது. இந்த நீண்ட முகத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். நாய்க்கு நம்மைப் போல் மேலெல்லாம் வியர்த்து உடல் தணியாது. இளைத்து, மூக்கின் உள்ளும் நாக்கிலும் உள்ள ஈரத்தின் மேல் காற்றை ஓட்டித்தான் அது சூட்டை வெளியேற்றுகிறது. பக்கின் மூக்கை மனிதர்கள் தம் ஆசைக்காக நசுக்கிவிட்டார்கள். கச்சான் காற்று அனலாய் வீசும் நாட்களில் அது மூச்சுக்குத் தவிப்பதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. சைபீரியப் பனிக்கு இரட்டை மயிர்ப் போர்வை கொண்ட ஹஸ்கியின் நிலையை நான் விவரிக்க வேண்டியதில்லை. ஊர் நாயோ வாழையடியில் ஈர மண்ணைக் கிண்டிக் குழியாக்கி, வெயில் சாயும் வரை அதில் கிடக்கும். அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

சாப்பாட்டையும் பாருங்கள். 2013 இல் வெளியான ஓர் ஆய்வு, மாவுச்சத்தைச் செரிக்க உதவும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகள்தான் இருக்க, நாய்களில் நாலு முதல் முப்பது வரை இருப்பதைக் கண்டது. வேளாண்மை செய்த மனிதரோடு வாழ்ந்து, அவர்கள் சோற்றைத் தின்று பெற்ற மாற்றம் அது. உழவு பரவும் முன்பே பிரிந்து போன அவுஸ்திரேலியக் காட்டு நாயான டிங்கோவுக்கு இந்தப் பெருக்கம் கிடைக்கவில்லை. தண்ணீர்ச் சோறும் மீன் தலையும் தின்று நம் நாய் திடமாக இருப்பதற்குப் பின்னால் பல்லாயிரம் ஆண்டு உழவு இருக்கிறது.

இன்னுமொன்று. சாதி நாய்கள் பெரும்பாலும் ஆண்டுக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும். தெற்காசிய ஊர்ப் பெட்டைகளில் பெரும்பாலானவை ஒருமுறைதான் வரும். ஓநாயும் அப்படி, டிங்கோவும் அப்படி. குட்டி வயிற்றில் இருப்பது ஏறத்தாழ 63 நாள். இந்தக் கணக்கைப் பின்னால் உங்களுக்கு வேலை கொடுக்கும்போது மறுபடி சொல்வேன்.

அறிவைப் பற்றி எழுதத் தொடங்கினால் மடல் முடியாது. படுவான்கரை வயல் வட்டைகளில் வேளாண்மைக் காவலுக்குப் போகிறவர்களைக் கேட்டுப்பாருங்கள். இரவில் நாய் குரைக்கும் விதத்தை வைத்தே வந்தது யானையா, பன்றியா, ஆளா என்று சொல்லிவிடுவார்கள். யானை என்றால் குரல் பின்வாங்கிக்கொண்டே வரும், பன்றி என்றால் முன்னேறும். சில நாய்கள் யானையைச் சீண்டி மனிதர் மேல் ஏவிவிடுவதும் உண்டு, அதையும் மறைக்கக் கூடாது. மாட்டுப்பட்டிக்காரர்கள் கன்றுக்குக் காவலாக வைத்திருப்பதும், கருவாட்டு வாடிகளில் இரவு முழுக்க விழித்திருப்பதும் இதே நாய்தான். எந்தப் பயிற்சிப் பள்ளிக்கும் அதை யாரும் அனுப்பியதில்லை.

இது இங்கே எப்படி வந்தது? இலங்கைக் காட்டில் நரி இருக்கிறது, ஓநாய் இல்லை. ஆகவே நாய் இங்கே தானாக உருவாகியிருக்க முடியாது. மனிதரோடுதான் வந்திருக்க வேண்டும். கடல்மட்டம் தாழ்ந்திருந்த காலத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே நிலம் இருந்தது. கடல் ஏறிய பிறகு ஓடங்கள் இருந்தன. பெல்லன்பெந்திபெலஸ்ஸ, நில்கல குகை ஆகிய இடங்களில் இடைக்கற்கால மனிதரின் எச்சங்களோடு வீட்டு நாயின் எலும்பும் கிடைத்ததைத் தொல்லியலாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். காலம் கிறிஸ்துவுக்கு முன் 4500 அளவில் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். நம் நாட்டு நாயும், கேரள மலைகளில் வாழும் காடர்களின் நாயும், நியூகினியின் பாடும் நாயும், டிங்கோவும் தோற்றத்தில் ஒத்திருப்பதையும், ஒரே பழைய வழியிலிருந்து இவை வந்திருக்கலாம் என்பதையும் அவர்கள் எழுதியிருக்கிறார்கள். டிங்கோவின் முன்னோர் தென்கிழக்கு ஆசியத் தீவுகள் வழியே போனவர்கள், புறப்பட்ட இடம் கிழக்கு ஆசியாவின் தென்பகுதி, அவுஸ்திரேலியாவை அடைந்த காலம் ஏறத்தாழ 8,300 ஆண்டுகளுக்கு முன் என்று 2020 இல் ஓர் ஆய்வு சொன்னது. யூனானில் ஒரு வயல் நாய், அவுஸ்திரேலியாவில் ஒரு டிங்கோ, இந்தத் தீவின் படலையடியில் ஒன்று. பல திசைகளிலிருந்து பிறகு வந்த கலப்பு நம் நாயில் நிறைய உண்டு. துறைமுகம் உள்ள நாட்டில் அது இயல்பு. ஆனால் அடித்தளம் பழையது.

மகாவம்சத்தில் விஜயன் கரையிறங்கும் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அங்கே அவன் ஆட்களின் கண்ணில் ஒரு பெட்டை நாய் படுகிறது. நாய் வடிவில் வந்த யட்சினி அது என்பது கதை. நாய் இருந்தால் கிட்டடியில் ஊர் இருக்க வேண்டும் என்று எண்ணி ஒருவன் அதன் பின்னால் போகிறான். கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். அதை எழுதியவர் காலத்திலேயே இந்தத் தீவில் நாயும் ஊரும் பிரிக்க முடியாதவையாக இருந்தன என்பதற்கு அந்த இடம் சாட்சி.

அதற்கும் முன்பிருந்தே வேடர்களின் துணையாக நாய் இருந்திருக்கிறது. 1911 இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் நூல், மட்டக்களப்புக்கும் திருகோணமலைக்கும் இடைப்பட்ட கடற்கரையில் தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடரைப் பற்றியும் தனியாக எழுதியது. அவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் வாகரைப் பக்கம் இருக்கிறார்கள். உடும்பின் பொந்தை மோப்பம் பிடித்து, அது வெளியேறும் மறுவழியில் போய் நின்றுகொள்ளும் நாய்களைப் பற்றி அந்த ஊர் முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடும்பு இன்று சட்டத்தால் காக்கப்படும் உயிர், வேட்டைக்கு யாரும் போக வேண்டாம். ஆனால் அந்த நாய்களின் வம்சம் இன்னும் அந்த ஊர்களில் திரிகிறது. வெளிக்கலப்பு மிகக் குறைவாக இருக்கக்கூடிய நாய்களை இந்த மாவட்டத்தில் தேட வேண்டுமானால் நான் முதலில் அங்கேதான் போவேன்.

தமிழர் நாயை மதிக்கவில்லை என்று சிலர் சொல்வதுண்டு. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஒரு நடுகல் நிற்கிறது. மகேந்திரவர்ம பல்லவன் காலம், ஏழாம் நூற்றாண்டு. கள்ளரோடு பொருது மாடுகளுக்காக உயிர்விட்ட கருந்தேவகத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. வீரனுக்குப் பக்கத்தில் அவன் நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதும் கல்வெட்டில் இருக்கின்றன. 1,300 ஆண்டுகளுக்கு மேலாக ஒரு பட்டி நாயின் பெயரை ஒரு கல் சுமந்துகொண்டிருக்கிறது. நம் பக்கத்துக்கு வந்தால், ஊருக்கு ஊர் வயிரவர் கோயில், அவர் வாகனம் நாய். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் சடங்குக்கு வாவிக்கரை ஊர்களே திரண்டு போகின்றன. அந்தத் திரௌபதையின் கதை வரும் பாரதத்தின் கடைசியில், தன்னை நம்பிப் பின்னால் வந்த நாயை விட்டுவிட்டுச் சுவர்க்கம் புக மாட்டேன் என்று தருமர் நிற்கிறார். தீ மிதிப்புக்குப் போய் வந்த கையோடு பெட்டைக் குட்டிகளைப் பையில் கட்டுவது எந்த வழிபாட்டில் சேரும்?

காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இது எழுதப்பட்டதுதான். உங்கள் மார்க்கத்தில் நாயின் எச்சில் பட்டால் ஏழு முறை கழுவும் கடமை உண்டு, அதை நான் மதிக்கிறேன். வேளாண்மைக்கும் மந்தைக்கும் காவலாக நாய் வைக்க அங்கே அனுமதி இருப்பதும் உங்களுக்குத் தெரியும். தாகத்தில் தவித்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்டு கொடுத்தவருக்கு மன்னிப்புக் கிடைத்த ஹதீஸை என்னை விட நீங்கள் நன்றாக அறிவீர்கள். வீட்டுக்குள் எடுக்க வேண்டும் என்று கேட்கவில்லை. கொல்லையில் ஒரு சட்டித் தண்ணீரும், தடுப்பூசி நாளில் ஒத்துழைப்பும் போதும்.

நம் ஊர் நாய்கள் பட்டபாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 2006, 2007 ஆம் ஆண்டுகளில் போரால் வாகரையும் படுவான்கரையும் வெறிச்சோடியபோது சனம் கையில் எடுத்ததோடு ஓடியது. நாயை எடுத்துப் போக யாருக்கும் வழியில்லை. மாதங்கள் கழித்துத் திரும்பியவர்கள், எலும்பும் தோலுமாய்த் தம் வீட்டு வளவிலேயே காத்துக் கிடந்த நாய்களைக் கண்டார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு நாவலடியிலும் கல்லடியிலும் வீடு இருந்த இடத்து மணலை விட்டு நகர மறுத்த நாய்களுக்குத் தொண்டர்கள் சோறு வைத்தார்கள். சனம் திரும்பி வராத சில வளவுகளில் கடைசி வரை காவல் இருந்ததும் இவைதான்.

இனி வேலைக்கு வருகிறேன். பழைய வம்சம் என்பதற்காகக் கட்டுப்பாடில்லாமல் பெருகட்டும் என்று நான் சொல்லவில்லை. விசர்நாய்க்கடி என்ன செய்யும் என்பதைக் கட்டிலருகே நின்று பார்த்தவன் நான். அறிகுறி தொடங்கிவிட்டால் ஏறத்தாழ எவரும் பிழைப்பதில்லை. 1973 இல் இலங்கையில் 377 பேர் அந்த நோயால் இறந்தார்கள். அண்மைய ஆண்டுகளில் அது இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. அந்த இறக்கம் தடுப்பூசியால் வந்தது. ஒரு காலத்தில் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றார்கள். 2006 இல் அரசு அதை நிறுத்தியது. நிறுத்தியது சரி என்பதே என் தீர்ப்பு. ஒரு சந்தியில் இருந்த நாய்களைக் கொன்றால் அங்கே விழும் எச்சில் சோற்றுக்குப் பக்கத்துச் சந்தி நாய் வரும். கொல்லப்பட்டது ஊசி போட்டதாகவும் வந்தது போடாததாகவும் இருந்தால், ஊர் முன்னிருந்ததை விட ஆபத்தில் விழும். நூற்றுக்கு எழுபது நாய்களுக்கு ஊசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அந்த எழுபதில் உங்கள் வீட்டு நாயும் ஒன்று. குட்டியிலேயே முதல் ஊசி, பிறகு ஆண்டுதோறும். யாரையாவது நாய் கடித்தால், கீறல் என்றாலும், ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சளும் மிளகாயும் பூசுகிறேன் என்று யார் வந்தாலும் விடாதீர்கள்.

நாயை இரவில் வளவுக்குள் வையுங்கள். கடற்கரையில் ஆமை முட்டையையும், கண்டல் ஓரத்தில் பறவைக் கூட்டையும் அது குலைக்காமல் இருக்க அதுதான் வழி. வாவியில் முதலைக்கு இரையாகாமல் இருக்கவும் அதுதான் வழி.

யூரியாப் பையை ஒழிக்க ஒரே வழி கருத்தடை. பெட்டை முதல் பருவத்துக்கு வருவது ஆறு மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில். அதற்கு முன்பே சத்திரசிகிச்சை செய்துவிடலாம். பருவம் ஆண்டுக்கு ஒருமுறை, வயிற்றில் 63 நாள் என்று சொன்னேனே, நாள் வைத்துக் கவனித்தால் தவற வழியில்லை. “பெட்டையை வெட்டினால் பாவம்” என்று வீட்டில் சொல்வார்கள். பொறுமையாகப் பேசுங்கள். பையில் கட்டுவதை விட எது பாவம் என்று அவர்களையே கேளுங்கள்.

எல்லா நாய்க்கும் கருத்தடை செய்தால் வம்சம் எப்படி மிஞ்சும் என்று உங்களில் புத்தியுள்ள ஒருவர் கேட்கக் கூடும். நல்ல கேள்வி. திடமான, நல்ல குணமுள்ள ஒன்றிரண்டு பெட்டைகள் ஊருக்கு ஊர், குட்டிக்கு வீடு உறுதியான பிறகு, ஒருமுறை ஈனட்டும். ஆனால் ஒன்றை மட்டும் தயவு செய்து செய்யாதீர்கள். ஊர் நாயைப் பிடித்து ஒரே நிறம், ஒரே செவி, ஒரே வால் என்று இன்னொரு சாதியாக்கி விலை வைக்காதீர்கள். தமிழ்நாட்டு ராஜபாளையம் நாய் அருமையான நாய். இந்திய அரசு 2005 இல் அதற்குத் தபால்தலையே வெளியிட்டது. ஆனால் வெள்ளை நிறத்துக்காகவே தேர்ந்து தேர்ந்து கூட்டியதில் அந்த வம்சத்தில் காது கேளாத குட்டிகள் பிறக்கின்றன. நம் நாயின் பலமே அதன் பலவகைதான்.

அதற்குப் பதிலாக உங்கள் கைபேசிக்கு ஒரு வேலை தருகிறேன். உங்கள் ஊர் நாய்களைப் படம் பிடியுங்கள், பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று. தோள் உயரம், எடை, நிறம், செவி, வால், பருவத்துக்கு வந்த மாதம், ஈன்ற குட்டிகளின் தொகை எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் குறியுங்கள். வாகரை, வெல்லாவெளி, மண்டூர் என்று உள்ளூர்களில் இருப்பவர்கள் முதலில் தொடங்குங்கள். பட்டணத்துக் கலப்பு அங்கே இன்னும் முழுதாகப் போய்ச் சேரவில்லை. உங்கள் ஆண்டுக்கணக்கான குறிப்பு நாளைக்கு ஒரு பல்கலைக்கழக ஆய்வாளர் கைக்குப் போனால், மரபணுச் சோதனைக்கு எந்த ஊரிலிருந்து தொடங்குவது என்று அவருக்குத் தெரியும்.

கட்டிய முற்பணத்தைத் திருப்பிக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. பக் வந்தால் அதுவும் உயிர்தான். வெயிலில் நடக்க விடாமல், கொழுக்க விடாமல், நிழலில் வைத்து நன்றாகப் பாருங்கள். இன்னும் பணம் கட்டாதவர்களிடம் மட்டும் கேட்கிறேன். அக்கம்பக்கத்தில் ஏதாவது ஒரு வளவில் ஊர் நாய் குட்டி போட்டிருக்கும். எட்டுக் கிழமை தாயோடு விட்டு, அதிலிருந்து ஒரு பெட்டையைக் கேட்டு எடுங்கள். சாதிக் குட்டிக்கு எண்ணி வைத்த காசில் ஒரு சிறு பங்கில் பூச்சி மருந்தும், தடுப்பூசியும், கருத்தடையும் முடிந்துவிடும். சத்திரசிகிச்சைக்குப் பிறகு பத்து நாள் தையலை நக்க விடாதீர்கள், குளிப்பாட்டாதீர்கள். வைத்தியர் தரும் அட்டையில் நாயின் பெயர் எழுத ஓர் இடம் இருக்கும். அதை வெறுமையாக விடாதீர்கள்.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்